மரத்தடிக் கள்ளுக்கடை

பழவேற்காடு ஏரி ஒன்றுதான். அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தெற்கே கொஞ்சம் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். ஆரம்பாக்கம் தாண்டித் தடாவுக்குள் போய்விட்டால் பனைமரத்தடியில் உட்கார்ந்து கள் குடிக்கலாம், சட்டம் தடுக்காது. இந்தப் பக்கமும் அதே பனைதான், அதே உப்புக்காற்றுதான். ஆனால் இங்கே கள் இறக்கச் சுண்ணாம்பு தடவாத முட்டியைப் பாளையில் கட்டினால் மதுவிலக்குக் குற்றம். 1987 ஜனவரி 1 முதல் இப்படித்தான்.

அதற்கு முன்பு ஐந்தாறு வருஷம் எங்கள் குப்பத்தை ஒட்டிய தோப்பில் கள்ளுக்கடை இருந்தது. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சி மதுவிலக்கைத் தளர்த்தியபோது வந்த கடை. கீற்றுக் கொட்டகை, மணல் தரை, உட்காரப் பிளந்த பனந்துண்டு, அவ்வளவுதான். கடையை நடத்திய கிராமணி மாமா இருட்டு பிரியும்போதே காலில் தளைக்கயிறு மாட்டிப் பனை ஏறிவிடுவார். பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும், ஒரு வேளை சீவாமல் விட்டால் வாய் அடைத்துக்கொள்ளும். அதனால் காய்ச்சல் வந்தாலும் காலையும் மாலையும் மரம் ஏறியே ஆக வேண்டும்.

இறக்கி வைத்த முட்டியில் காது வைத்தால் உள்ளே பொரிகிற சத்தம் கேட்கும். நுரையில் எறும்பும் தேனீயும் மிதக்கும். பன்னாடையில் வடிகட்டி ஓலைப்பட்டையில் ஊற்றிக் கொடுப்பார். யாரும் எதையும் சேர்ப்பதில்லை. காற்றிலும் பழைய முட்டியின் சுவரிலும் இருக்கிற ஈஸ்ட்டே பனஞ்சாற்றின் சர்க்கரையைக் கள்ளாக்கிவிடும். காலையில் தித்திப்பு, மதியம் புளிப்பு, மறுநாள் காடி. அதனால் அன்றைக்கு இறக்கியது அன்றைக்கே தீர வேண்டும். மரம் கொடுத்ததற்கு மேல் கடையில் ஒரு பட்டை கூடக் கிடைக்காது. கள்ளுக்கு அந்தக் கடையில் இருந்த ஒரே கட்டுப்பாடு அதுதான். அதைவிட நல்ல கட்டுப்பாட்டை எந்த அரசும் இன்றுவரை கொண்டு வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஏரியிலிருந்து திரும்புகிறவர்கள் நேரே அங்கேதான் வருவார்கள். வலை விட நாளைக்கு யாருக்குப் பாடு, எந்த இடத்தில் இறால் தெரிகிறது, யார் முறை தவறி வலை விட்டான் என்று பேச்செல்லாம் அந்தக் கொட்டகையில்தான். பஞ்சாயத்துக்குப் போக வேண்டிய பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும். அம்மா கொட்டகை ஓரத்தில் அடுப்பு வைத்து மடவை மீன் சுட்டு விற்றாள். அந்தக் கடையைத் திட்டாத நாள் அவளுக்குக் கிடையாது. அப்பாவின் பங்குக் காசில் ஒரு பகுதி அங்கே கரைந்தது, மீன் விற்ற காசில் எங்கள் வீட்டு அரிசியும் அங்கிருந்துதான் வந்தது. கடையை மூடியபோது குப்பத்துப் பெண்களெல்லாம் சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சந்தோஷம் நியாயமானது, அதை இன்றைக்கும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் குடி நிற்கவில்லை. ஐந்து சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹால் உள்ள கள் போய், 42.8 சதவீத பிராந்தி வந்தது. 2003-ல் டாஸ்மாக் மூலம் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. 2023-24-ல் அதன் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பாட்டிலுக்கும் காசில்லாதவன் சாராயத்துக்குப் போகிறான். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தவர்கள் எங்களைப் போலக் கடலை நம்பிய ஜனங்கள். அடுத்த வருஷம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் போனார்கள்.

இப்போது கள் மறுபடியும் பேச்சாகியிருக்கிறது. நல்லசாமியின் கள் இயக்கம் கள் இறக்க அனுமதியைத்தான் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. 2025 ஜூனில் பெரியதாழையில் கட்சித் தலைவர் சீமானே பனையேறிக் கள் இறக்கினார். கேரளத்தில் கள்ளு ஷாப்புகள் கப்பையும் மீன்கறியும் கிடைக்கிற குடும்ப உணவகங்களாகிவிட்டன. பெங்களூரில் கடைக்குள்ளேயே காய்ச்சிய பீரை, இங்கேயே செய்தது, புதியது என்று சொல்லி நல்ல விலைக்கு விற்கிறார்கள். எங்கள் கிராமணி மாமா விற்றதும் இங்கேயே செய்தது, புதியது. அவருடைய தொழில் மட்டும் குற்றமாகவே இருக்கிறது.

கள்ளைத் திரும்பக் கொண்டு வர வேண்டும் என்கிற கட்சிதான் நானும். ஆனால் பாட்டிலில் அடைத்து ஊர் ஊராக அனுப்பலாம் என்று சிலர் சொல்லும்போது பயமாக இருக்கிறது. நகரத்தில் ஆயிரம் பேர் கேட்பார்கள், மரம் நூறு பேருக்குத்தான் கொடுக்கும். மீதியைப் பொடியும் மாத்திரையும் கொடுக்கும். 2025 ஜூலையில் ஹைதராபாத் கூகட்பள்ளியில் கலப்படக் கள் குடித்துப் பலர் செத்ததை மறக்கக் கூடாது. கள் வர வேண்டியது மரத்தடிக்கு மட்டும்தான். ஆந்திரத்தில் தனித்தனி மரமேறிக்கே உரிமம் கொடுக்கிற முறை ஒன்று உண்டு. தான் ஏறுகிற மரத்துக் கள்ளைத் தானே விற்கலாம். நமக்கும் அது போதும். இறக்கிய கள்ளை அன்றைக்கே விற்றுத் தீர்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

2021 வேளாண் பட்ஜெட்டிலிருந்து அரசு பனை விதை கொடுக்கிறது, பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் விதைத்த பனை பாளை விடப் பதினைந்து, இருபது வருஷம் ஆகும். போன கோடையில் கிராமணி மாமாவைப் பார்த்தபோது, “மரத்துக்கு என்னப்பா, அது நிக்கும். ஏர்றவன் எங்க?” என்றார். அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்குப் போகிறார்கள். தளைக்கயிறு கட்டவே அவர்களுக்குத் தெரியாது. பாளையின் நுனியில் கத்தி எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதைக் காகிதத்தில் எழுதிக் கற்றுக்கொடுக்க முடியாது, பக்கத்து மட்டையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதைக் காட்டிக் கொடுக்க இந்தக் கரையில் இன்னும் ஒரு சில பேர் இருக்கிறார்கள். எல்லோரும் எழுபதைத் தொட்டவர்கள். உரிமம் தருவதென்றால் அவர்கள் மரமேறுகிற காலத்திலேயே தர வேண்டும்.