சாமான் அறைத் திறப்பு

வா மோனை, இரு. அந்த வாளியைக் கவிட்டுப் போட்டு அதிலை இரு. பூசணிக் கொடியை மிதிச்சுப் போடாதை. வாத்தியாராகப் போறாய் எண்டு கொம்மா சொன்னவ. நல்ல விஷயம். எங்கடை குடும்பத்திலை டாக்குத்தர், எஞ்சினியர், கணக்காளர் எல்லாரும் வந்திட்டினம். சம்பளத்தை நினைச்சுக் கவலைப்படாத ஆள்தான் ஒண்டு குறையாய் இருந்தது.

நேர்முகத்திலை உன்னை 'வகுப்பிலை தொழில்நுட்பத்தை எப்பிடிப் பாவிப்பீர்' எண்டு கேட்டவையாம். நீ வெளுத்து வாங்கினியாம். கேட்டவை தலையாட்டிச்சினமாம். மோனை, உந்தத் தலையாட்டலை நான் அரை நூற்றாண்டாய்ப் பாத்தனான். ஒவ்வொரு தலையாட்டலுக்கும் பின்னாலை ஒரு பெரிய பெட்டி வரும். அதை மேல்மாடிக்குத் தூக்கினது நான். நாலைஞ்சு வருசத்தாலை கீழை இறக்கிச் சாமான் அறையிலை அடுக்கினதும் நான்தான். இங்கிலாந்தின்ரை கல்வி வரலாற்றை உனக்குப் பல்கலைக்கழகத்திலை படிப்பிச்சிருப்பினம். எனக்கு அது தட்டுத் தட்டாய் அடுக்கி இருந்தது. திறப்பும் என்ரை இடுப்பிலை.

நான் படிச்ச கதை உனக்குத் தெரியாது. 1965இலை, ஒன்பது வயசிலை, வந்து இறங்கினன். புகையிலைத் தோட்டத்திலை துலா மிதிச்ச வீட்டுப் பிள்ளையைக் கிழக்கு லண்டன் பள்ளிக்கூடத்திலை கொண்டுபோய் விட்டாச்சு. காலமை எல்லாப் பிள்ளைக்கும் ஒரு குட்டிப் போத்தில் பால், பைந்திலை மூண்டிலை ஒரு பங்கு, அரசாங்கத்தின்ரை தர்மம். குளிர் காலத்திலை உறைஞ்சு போகுமெண்டு அதைச் சுடுதண்ணிக் குழாய்க்குப் பக்கத்திலை வைச்சு, சூடுமில்லாமல் குளிருமில்லாமல் தருவினம். அந்த மணத்தை நினைச்சால் இண்டைக்கும் எனக்கு வயித்தைப் பிரட்டும். 1971இலை தச்சர் அம்மா, அப்ப அவ கல்வி மந்திரி, ஏழு வயசுக்கு மேற்பட்ட பிள்ளையளின்ரை பாலை நிப்பாட்டினா. நாடு முழுக்கப் 'பால் பறிச்சவ' எண்டு திட்டிச்சுது. நான் மட்டும் மனசுக்குள்ளை கும்பிட்டன்.

தங்கச்சியின்ரை கதி வேறை. வந்து இறங்கேக்கை அவவுக்கு ஐஞ்சு வயசு. ஜேம்ஸ் பிற்மன் எண்டு ஒருத்தர், எம்.பி.யாய் இருந்தவர், தன்ரை பேரிலை ஒரு சுருக்கெழுத்து முறையைக் கண்டுபிடிச்ச ஐசக் பிற்மனின்ரை பேரன். இங்கிலிஷிலை எழுதிறது ஒண்டு, வாசிக்கிறது இன்னொண்டு, பிள்ளையள் பாவம் எண்டு இரக்கப்பட்டு, 44 எழுத்தோடை புதுசாய் ஒரு அரிச்சுவடி செய்தார். 1961இலை பள்ளிக்கூடங்களிலை பரீட்சிக்கத் தொடங்கிச்சினம். எங்கடை ஆச்சி 247 எழுத்தை மணலிலை விரலாலை எழுதிப் படிச்சவ. '44ஓ, இவ்வளவும்தானோ?' எண்டு கேட்டவ. தங்கச்சி கடகடவெண்டு வாசிச்சாள். வீட்டிலை எல்லாருக்கும் புளுகம். கொஞ்சக் காலத்தாலை, 'பிள்ளை, இனி அதை மறந்திட்டு மற்றவை எழுதிற மாதிரி எழுது' எண்டிட்டினம். பஸ்ஸிலை, கடையிலை, பேப்பரிலை ஒரு இடத்திலையும் அந்த எழுத்து இல்லை, பாவம் பிள்ளை என்ன செய்யும்? இண்டைக்கும் 'நெசசரி' எண்டு எழுதவேண்டி வந்தால் பேனையைக் கீழை வைச்சிட்டு அங்காலை இங்காலை பாப்பா. பரிசோதனை செய்தவை பென்சன் எடுத்துப் போட்டினம். பரிசோதனைக்கு உள்ளானவ பேரப்பிள்ளை கண்டும் எழுத்துக்கூட்டிக்கொண்டு நிக்கிறா.

எனக்குப் பதினொரு வயசுச் சோதினை வந்தது. பாஸ் எண்டால் கிராமர் ஸ்கூல், லத்தீன், தலைக்குத் தொப்பி. பெயில் எண்டால் செகண்டரி மொடர்ன், உளியும் சுத்தியலும். ஒரு பிள்ளை அறிவாளியோ ஆசாரியோ எண்டதை ஒரு காலமைப் பொழுதுக்குள்ளை கண்டுபிடிக்கலாம் எண்டு பெரிய மண்டையள் நம்பின காலம். தாளைத் திருப்பினால், 'இந்தச் சொல்லுகளிலை சேராத சொல் எது?' மோனை, எனக்கு எல்லாமே சேராத சொல்லுத்தான். ஆசாரிப் பக்கம் அனுப்பிச்சினம். உந்தச் சோதினை செத்துப் போச்செண்டு நினையாதை. இங்கிலாந்திலை இன்னும் 163 அரசாங்கக் கிராமர் ஸ்கூல் இருக்கு. அதுக்குப் பிள்ளையைச் சேர்க்க நாலு வயசிலை ரியூசன் தேடி அலையிறது ஆர் எண்டு எங்கடை கோயில் வாசலிலை போய்க் கேள்.

செகண்டரி மொடர்னிலை கணக்குப் படிச்சன். பன்ரெண்டு பென்ஸ் ஒரு சில்லிங், இருபது சில்லிங் ஒரு பவுண். ஏழு யார் துணி, யார் மூண்டு சில்லிங் ஐஞ்சே முக்கால் பென்ஸ், மொத்தம் என்ன? பிழைச்சால் உள்ளங்கையிலை பிரம்பு. ஒருமாதிரி அதைப் பிடிச்சுக்கொண்டு வந்த நேரம், 1971 பெப்ரவரி 15, ஒரு திங்கக்கிழமை, அரசாங்கம் நூறு பென்ஸ் ஒரு பவுண் எண்டு மாத்திப் போட்டுது. நான் அடி வாங்கிப் படிச்ச கணக்கு முழுக்க அண்டு காலமையோடை குப்பையிலை. அடியை ஆரும் திருப்பி எடுக்கேல்லை. அரசாங்கப் பள்ளிக்கூடத்திலை பிரம்பு சட்டப்படி நிக்க 1987 ஆச்சு, காசு கட்டிப் படிக்கிற பள்ளிக்கூடத்திலை 1999 மட்டும் இருந்தது. காசு குடுத்தால் எல்லாம் கூடத்தானே கிடைக்கும்.

பிரம்பு இல்லாட்டி வரி எழுதவேணும். 'நான் வகுப்பிலை கதைக்கமாட்டன்' நூறு தரம். அதுக்கு எங்கடை பெடியள் ஒரு யுக்தி வைச்சிருந்தவை. ரெண்டு போல்பொயிண்ட் பேனையைச் சேர்த்து, நடுவிலை தீக்குச்சி வைச்சு, ரப்பர் பாண்டாலை இறுக்கிக் கட்டினால் ஒரே இழுவையிலை ரெண்டு வரி விழும். தீக்குச்சி எத்தினை எண்டது கொப்பியின்ரை கோட்டு இடைவெளியைப் பொறுத்தது. மூண்டு பேனை கட்டினவனும் இருந்தான், மூண்டாவது மை பிடிக்காது. வாத்தியாருக்கு அது தெரியும். வரியளைப் பாத்து, ரெண்டு ரெண்டாய் ஒரே வளைவு இருந்தால் ஒண்டும் பேசாமல் இன்னும் நூறு போடுவார். இப்ப உங்கடை பெடியள் வீட்டு வேலையை ஏஐயிட்டைக் குடுக்கினமாம், அதைக் கண்டுபிடிக்க இன்னொரு மெசின் வேணுமாம் எண்டு பெரிய மாநாடு வைக்கினம். அந்த மனுசன் மூக்குக் கண்ணாடியோடை கண்டுபிடிச்சவர்.

1971இலை, பதினைஞ்சு வயசிலை, நான் பள்ளிக்கூடத்தை விட்டன். அடுத்த வருசம் பதினாறு மட்டும் கட்டாயம் படிக்கவேணும் எண்டு சட்டத்தை மாத்திச்சினம். நான் போன உடனை கதவைப் பூட்டிச்சினம் பார். ஆனால் பள்ளிக்கூடம் என்னை விடேல்லை. வேறை ஒரு பள்ளிக்கூடத்திலை கெயார்ரேக்கருக்கு எடுபிடியாய்ச் சேர்ந்து, பிறகு நானே கெயார்ரேக்கர்.

அப்ப பண்டா மெசின் எண்டு ஒண்டு. கையாலை சுத்தினால் ஊதா எழுத்திலை வினாத்தாள் வந்து விழும், ஸ்பிரிட் மணத்தோடை. ஈரத் தாளைக் குடுத்த உடனை முழு வகுப்பும் மூக்கிலை வைச்சு இழுக்கும். வினாத்தாளை அவ்வளவு ஆசையாய் வாங்கின பிள்ளையளை நான் அதுக்குப் பிறகு காணேல்லை. பிறகு பெரிய ரீவி, கதவு வைச்ச மரப் பெட்டிக்குள்ளை, ஆளுயர ஸ்ராண்டிலை, சில்லு பூட்டி வரும். ஓட்டிற ஆள் நான். என்னைக் கண்ட உடனை கைதட்டுவினம். எந்தத் தலைமை வாத்தியாருக்கும் அப்பிடி ஒரு வரவேற்பு இருந்ததில்லை.

1981 கடைசியிலை பிபிசி மைக்ரோ எண்ட கணினி வந்தது. கேம்பிரிட்ஜிலை ஏக்கோர்ன் கொம்பனி செய்தது. பி மொடல் கொஞ்ச நாளிலை 399 பவுண் ஆச்சு, நினைவகம் 32 கிலோபைட். உன்ரை போனிலை ஒரு பூனைப் படத்துக்கும் அது காணாது. அரைவாசிக் காசு அரசாங்கம் தாறன் எண்டுது. முழுப் பள்ளிக்கூடத்துக்கும் ஒண்டு வந்தது, பின்னேரம் நான் பூட்டு நாலு போடவேணும். பிள்ளையள் அதிலை கட்டளை எழுதி, ஆமை எண்டு ஒரு சில்லு வண்டியைத் தரையிலை ஓட்டிச் சதுரம் கீறுவினம். எட்டு வயசுப் பிள்ளை 'முன்னுக்குப் போ, தொண்ணூறு பாகை திரும்பு' எண்டு அடிச்சுப்போட்டு, ஆமையோடை தானும் நிலத்திலை தவழும். அது நல்ல சாமான். நல்லது எண்டபடியால் கெதியா நிப்பாட்டிச்சினம். பிறகு வருசக்கணக்கா ஐசிரி எண்ட பேரிலை கடிதம் ரைப் அடிக்கவும், பவர்பொயிண்டிலை எழுத்தைப் பறக்க விடவும் படிப்பிச்சினம். 2012இலை கோவ் எண்ட மந்திரி எழும்பி, 'ஐயோ, இது சலிப்பான பாடம், பிள்ளையளுக்குக் கோடிங் படிப்பிக்கவேணும்' எண்டார். 2014இலை புதுப் பாடத்திட்டம், ஐஞ்சு வயசிலையே அல்கோரிதம். 2016இலை பிபிசி பத்து லட்சம் பிள்ளையளுக்கு மைக்ரோபிட் எண்ட குட்டிக் கணினியை இலவசமாய்க் குடுத்தது. நான் சாமான் அறையைத் திறந்து ஆமையைத் தூசி தட்டி மேசையிலை வைச்சன். ஒரு இளம் ரீச்சர், 'இது எந்தக் கொம்பனியின்ரை புது மொடல்?' எண்டு கேட்டா.

எல்லாத்திலையும் எனக்குப் பிடிச்சது 1986இலை நடந்த கூத்து. 1086இலை வில்லியம் ராசா நாடு முழுக்க ஆள் அனுப்பி, ஆரிட்டை எத்தினை ஏர், எத்தினை பண்டி எண்டு கணக்கெடுப்பிச்சுச் செம்மறித் தோலிலை எழுதி வைச்சவர். டூம்ஸ்டே புத்தகம். 900 வருசம் முடிஞ்சுதெண்டு பிபிசி புதுசாய் ஒண்டு செய்யப் பிள்ளையளிட்டைத்தான் வந்தது. ஊரைப் பற்றி எழுதவேணும், படம் எடுக்கவேணும். பத்து லட்சத்துக்கு மேலை ஆக்கள் பங்கு பற்றிச்சினம். எங்கடை பெடியள் மூலைக் கடைச் சிப்ஸ் விலையிலிருந்து பஸ் தரிப்பிலை ஒட்டியிருந்த சூயிங்கம் வரைக்கும் எழுதிக்கொண்டு வந்தவை. எல்லாத்தையும் பன்ரெண்டு அங்குல லேசர் தட்டிலை ஏத்திச்சினம். அதை ஓட்டிற மெசின் ஐயாயிரம் பவுண் அளவு. பிள்ளையள் எழுதினதைப் பிள்ளையளின்ரை பள்ளிக்கூடமே வாங்கிப் பாக்கேலாமல் போச்சு. பதினைஞ்சு வருசத்துக்குள்ளை ஓட்டிற மெசின் அருந்தலாகி, உள்ளை என்ன இருக்கெண்டு வாசிக்க லீட்சிலையும் மிச்சிகனிலையும் ஆராய்ச்சிக்காரர் மண்டையை உடைச்சுக்கொண்டினம். செம்மறித் தோல் கியூ எண்ட இடத்திலை, தேசிய ஆவணக் காப்பகத்திலை இருக்கு. லத்தீன் தெரிஞ்சவர் இண்டைக்கும் வாசிக்கலாம், கறண்ட் தேவையில்லை. ஆனபடியால் மோனை, பிள்ளையளின்ரை மாக்சை எங்கை வைச்சிருக்கிறீர் எண்டு கேட்டால், கிளவுட்டிலை எண்டு சொல்லு. ஒரு பிரதி செம்மறித் தோலிலையும் எடுத்து வை.

2000க்குப் பிறகு ஊடாடும் வெண்பலகை வந்தது. கரும்பலகையைக் கழட்டச் சொல்லிச்சினம். நான் கழட்டி எறியேல்லை, வெண்பலகைக்குப் பின்னாலையே விட்டிட்டன். முதல் மாசம் ஒரு ரீச்சர் அந்தப் பலகையிலை அழியாத மார்க்கராலை பின்னப் பெருக்கம் எழுதிப் போட்டா. நான் ஸ்பிரிட்டாலை துடைச்சும் மூண்டிலை ரெண்டு போகேல்லை. அதுக்குப் பிறகு அந்த வகுப்பிலை இங்கிலாந்து வரைபடம் போட்டாலும் பேர்மிங்ஹாமுக்குப் பக்கத்திலை மூண்டிலை ரெண்டு நிக்கும். ஒவ்வொரு காலமையும் பலகையிலை வாற சிலுவைக் குறியளை ஒவ்வொண்டாய்த் தொட்டுச் சரிப்படுத்தவேணும். ஆரும் கதவை அடிச்சுச் சாத்தினால் திரும்ப முதலிலிருந்து. புறொஜெக்டர் பல்ப் போனால் பல்ப் வாங்கக் காசில்லை. பலகை வாங்கத்தான் காசு தந்தவை. அப்ப ஆள் வந்து மெதுவாய்க் கேப்பினம்: 'பின்னாலை கரும்பலகை இருக்காமே?'

பிறகு 2020. மார்ச்சிலை பள்ளிக்கூடம் பூட்டினது. மடிக்கணினி பெட்டி பெட்டியாய் வந்தது, நானும் நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்தன். ஒரு வீட்டிலை மூண்டு பிள்ளை, ஒரு கணினி, இண்டர்நெற் இல்லை. மூத்தவள் அதைத் தம்பிக்குத் தட்டாய் வைச்சுப் பாண் வெட்டிக் குடுத்தாள். சோதினையும் இல்லை. ஓகஸ்ட் 13ஆம் திகதி ஏலெவல் பெறுபேறு வந்தது, ஒரு அல்கோரிதம் போட்டது. வாத்தியார்மார் குடுத்த மதிப்பிலை இங்கிலாந்திலை ஏறக்குறைய நாப்பது வீதத்தை அது குறைச்சுப் போட்டுது. பள்ளிக்கூடத்தின்ரை பழைய பெறுபேற்றைப் பாத்து இந்தப் பிள்ளையும் இவ்வளவுதான் எண்டு முடிவெடுத்தது. பிள்ளையள் வீதியிலை இறங்க, 17ஆம் திகதி எல்லாத்தையும் வாபஸ் வாங்கிச்சினம். என்னை ஆசாரியாக்க ஒரு தாளாவது தேவைப்பட்டுது. இதுக்கு அதுவும் தேவைப்படேல்லை, அதுதான் முன்னேற்றம்.

பிறகு, பிள்ளையிட்டைப் போனைப் பறியுங்கோ எண்டு 2024இலை அரசாங்கம் வழிகாட்டல் விட்டுது. அதே வருசம் பாடத் திட்டம் எழுத வாத்தியாருக்கு ஐலா எண்ட ஏஐயும் வந்திட்டுதாம். ஒரு கையாலை பறி, மற்றக் கையாலை வாங்கு. நீ ரெண்டுக்கும் தலையாட்டு. புதுச் சாமான் வரேக்கை முதல் கைதட்டிறவன் நீயாய் இரு, பழமைவாதி எண்ட பேர் வேண்டாம். கைதட்டினபடி, 'பழுதானால் ஆர் திருத்திறது?' எண்டு சிரிச்சுக்கொண்டு கேள். அந்தக் கேள்விக்கு விற்க வந்தவர் தண்ணி குடிக்கப் போவார், நீ வகுப்புக்குப் போ. மேலிடத்து ஆக்கள் பாக்க வாற நாளிலை மெசினைப் போடு. மற்ற நாளிலை கடைசி வாங்கிலை, யன்னல் கரையிலை இருக்கிற பிள்ளையைப் பார். அது என்ரை இடம், அங்கை என்ன நடக்குமெண்டு எனக்குத் தெரியும். மார்க்கர் ஒண்டைப் பொக்கற்றிலை வைச்சிரு, அழியிற மார்க்கர்.

முதல் நாள் ஸ்ராஃப் ரூமுக்குப் போக முன்னம் கெயார்ரேக்கரைத் தேடிப் போ. தலைமை வாத்தியாரின்ரை பேர் பிந்தித் தெரிஞ்சாலும் பரவாயில்லை, அந்த ஆளின்ரை பேரைச் சரியாய்ச் சொல்லு. தேத்தண்ணிக்கு எத்தினை சீனி எண்டு கேட்டு வை. கிறிஸ்மசுக்குப் போத்தில் குடுக்கிறதெண்டால் பைக்குள்ளை போட்டுக் குடு, வாசலிலை கமரா வைச்சிருக்கினம்.