நூறு, இருநூறு

திருக்குறளின் 132ஆம் அதிகாரத்தில் மட்டும் மூன்று குறள்களில் தும்மல் வருகிறது. யாரோ நினைத்தால்தான் தும்மல் வரும் என்பது அந்தக் காதலர்களின் கணக்கு. அவன் தும்மினாலும் சண்டை, அடக்கினாலும் சண்டை. இந்தக் கணக்கை மணலிக்குப் பக்கத்துச் சடையங்குப்பத்துக்குப் போட்டுப் பார்த்தால், மாசி பிறந்ததும் அங்கே காதலிக்கப்படாத ஆளே கிடையாது. ஷேர் ஆட்டோக்காரரை யாரோ நினைக்கிறார்கள். மீன் விற்கும் அம்மாவை யாரோ நினைக்கிறார்கள். பேரன் பேத்தி எடுத்தவரையும் விடாமல் நினைக்கிறார்கள். பிள்ளை தும்மினால் முதல் தும்மலுக்கு ‘நூறு’, அடுத்ததற்கு ‘இருநூறு’ என்று பாட்டிமார் ஆயுளைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அந்த விகிதத்தில், பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் பல பிள்ளைகளுக்கு ஆயிரம் வயது ஆகிவிடும். சிரிக்கலாம்தான். ஆனால் வடசென்னையில் தும்மலை எண்ணுகிற ஒரே அமைப்பு இந்தப் பாட்டிகள்தான் என்பது என் வாதம். அது சிரிக்கிற விஷயமில்லை.

பூவுக்கும் தும்மலுக்கும் சம்பந்தம் உண்டு என்று சொன்னால் தமிழ் மனம் ஒப்புக்கொள்ளாது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார். அத்தனையையும் பறித்துக் குவித்த பெண்களில் ஒருத்திகூட மூக்கைத் துடைத்ததாகத் தகவல் இல்லை. கவிஞர் பேரில் குற்றமும் இல்லை. நிறமும் மணமும் உள்ள பூ வண்டை நம்பிப் பிழைப்பது. அதன் மகரந்தம் பிசுபிசுப்பும் கனமுமாக இருக்கும், பெரும்பாலும் காற்றில் ஏறாது. காற்றை நம்பிய மரம் அலங்காரத்துக்குக் காசு செலவழிப்பதில்லை. பார்த்தால் பூ என்றே தெரியாத ஒன்றைப் பூத்துவிட்டு, மிச்சப்படுத்திய சக்தியையெல்லாம் தூளாக்கி ஊர் மூக்குக்கு அனுப்பும். கடலோரச் சவுக்கு அந்த ஜாதி. வேலிகாத்தான் என்கிற சீமைக் கருவேலம் இரண்டு கட்சியிலும் இருக்கிறது: தேனீக்கும் விருந்து வைக்கும், காற்றிலும் தூவும். சித்திரை முதல் நாள் பச்சடியில் விழுகிற வேப்பம்பூ பெரும்பாலும் நிரபராதி. பூத்த நேரத்தில் கண்ணில் பட்டதால் பழி அதன்மேல் விழுகிறது.

வேலிகாத்தான் 1877 வாக்கில், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த கடப்பைப் பக்கம், விறகுக்காக வந்து சேர்ந்த விருந்தாளி. ஒன்றரை நூற்றாண்டாகியும் ஊர் திரும்பும் எண்ணம் இல்லை. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை வேரோடு அகற்றச் சொன்னது; அதே ஆண்டு தலைமை நீதிபதி அமர்வு அகற்றுவதை நிறுத்தி வைத்தது. அவ்வளவு பெரிய வழக்கிலும் பிரதானக் குற்றச்சாட்டு நிலத்தடி நீரைக் குடிக்கிறது என்பதுதான். இதன் மகரந்தம் ஒவ்வாமை தரும் என்று மருத்துவ உலகம் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வந்தும், தண்ணீருக்கு வாதாடிய அளவுக்கு மூக்குக்கு யாரும் வாதாடவில்லை.

சடையங்குப்பத்தில் வாதாடுவது கஷ்டம்தான். ஒரு தும்மலுக்கு அங்கே ஏகப்பட்ட சந்தேகநபர்கள். 1969 முதல் ஓடும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலைகள், அனல்மின் நிலையச் சாம்பல், துறைமுக நிலக்கரி, டிபிபி சாலையில் வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகள். இத்தனை பேர் நிற்கிற அடையாள அணிவகுப்பில் 30 மைக்ரான் மகரந்தத்தை யார் கவனிப்பார்கள்? மருந்துச் சீட்டில் ‘டஸ்ட் அலர்ஜி’ என்று எழுதினால் வேலை முடிந்தது. எல்லாரும் டஸ்ட்தானே! ஆனால் மகரந்தமும் புகையும் தனித்தனிக் குற்றவாளிகள் அல்ல, கூட்டாளிகள். பருமனான மகரந்தம் மூக்கிலேயே பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். அதன் உடம்பில் டீசல் கரி ஒட்டிக்கொள்கிறது. நைட்ரஜன் டை ஆக்சைடும் ஓசோனும் அதன் புரதத்தை மாற்றி ஒவ்வாமையைக் கூட்ட வல்லவை. ஈரம் பட்டு மகரந்தம் வெடித்தால் துகள்கள் நுரையீரல்வரை போகும். 2016 நவம்பரில் மெல்போர்னில் இடிமழைக் காற்றோடு புல் மகரந்தம் இப்படி வெடித்துப் பரவியபோது ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள். பத்துப் பேர் இறந்தார்கள்.

“சிம்னியை விட்டுவிட்டு மரத்தைப் பிடிக்கிறாயே, நீ கம்பெனிக்காரன் ஆளா?” என்று கேட்பார்கள். நியாயமான சந்தேகம். ஆனால் எண்ணாமல் விட்ட மகரந்தம்தான் கம்பெனிக்கு லாபம். எந்த மாதத்து இருமலையும் ‘சீசன் சார்’ என்று மரத்தின் தலையில் கட்டிவிடலாம். மரத்தைக் கேட்டால் அது சிம்னியைக் காட்டும். எந்த நாளில் எவ்வளவு மகரந்தம் என்று தெரிந்துவிட்டால், அது இல்லாத நாளிலும் வருகிற வீசிங் யார் கணக்கு என்பது மறைக்க முடியாமல் நிற்கும். மரங்களை வெட்டிவிட்டால் தீராதா என்பது அடுத்த கேள்வி. போருக்குப் பின் மரத்தேவைக்காகச் சுகி மரத்தை மலை மலையாக நட்ட ஜப்பானில் இன்று பத்தில் நான்கு பேருக்கு மகரந்தக் காய்ச்சல். 2023இல் அந்த அரசு, பத்தாண்டில் சுகித் தோப்புகளை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கத் திட்டம் போட்டது. மகரந்தம் பாதியாக முப்பது வருடம் ஆகுமாம். பணக்கார நாட்டுக் கதி அது. விறகாகவும் கரியாகவும் வேலிகாத்தானில் வயிறு வளர்ப்பவர்கள் இங்கே வேறு இருக்கிறார்கள்.

மகரந்தக் காய்ச்சல் பணக்கார வியாதி என்பாரும் உண்டு. 1819இல் இந்த நோயை முதலில் விவரித்து எழுதிய ஜான் பாஸ்டக் என்ற லண்டன் மருத்துவரும், ஏழைகளிடம் இதைப் பார்க்கவில்லை என்றே எழுதினார். ஏழை தும்மினால் அதற்குப் பெயர் ஜலதோஷம் என்பது அவருக்குத் தோன்றவில்லை போலும். மான்செஸ்டரில் ஆலைப் புகைக்கு நடுவே சார்லஸ் பிளாக்லி என்ற மருத்துவர் பிசின் தடவிய கண்ணாடித் துண்டைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டு மகரந்தத்தை எண்ணினார். 1873இல் புத்தகமே போட்டார். அவர் ஊரும் நம் மணலி மாதிரிதான். பட்டம்விடத் தெரிந்தவர்களுக்கு வடசென்னையில் என்ன குறை? (மாஞ்சாதான் கூடாது.)

சண்டிகரில் மருத்துவ ஆய்வாளர்கள் மகரந்த நாட்காட்டியே போட்டுவிட்டார்கள். மணலியில் காற்றுத்தரக் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. நுண்துகள், கந்தக டை ஆக்சைடு, ஓசோன் எல்லாம் அளக்கிறது, மகரந்தம் மட்டும் அந்தப் பட்டியலில் கிடையாது. தேவைப்படுவது ஒரு வாரக் காற்றைப் பசைநாடாவில் பிடித்து வைக்கும் சின்ன உருளைக் கருவி, ஒரு மைக்ராஸ்கோப், எண்ணுவதற்குச் சம்பளத்தோடு ஓர் ஆள். கருவியைத் தரையில் வைக்கக் கூடாது, உயரத்தில் வைக்க வேண்டும். அதற்குச் சடையங்குப்பத்தில் மொட்டை மாடிகள் இருக்கின்றன. பூண்டியில் உபரிநீர் திறந்து கொசஸ்தலை ஆறு கரை மீறும்போது ஊர் ஜனம் ஏறி நிற்பது அங்கேதான்.