சேடக்கின் மூலபாடம்: ஒரு பதிப்பியல் ஆய்வு

ஆய்வு நோக்கம்

பழைய ஸ்கூட்டர் வாங்கியவர், பெயர் மாற்றுவதற்கு முன்பே அதை டியூன் பண்ணக் கொண்டுபோவது தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கு. அறிஞர்கள் இதை மெக்கானிக் வேலை என்று ஒதுக்கிவிட்டார்கள். இது பதிப்பியலின் பாற்பட்டது என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். சுவடி கைமாறும்போதெல்லாம் ஏடெழுதியவர் தம் சரக்கையும் கொஞ்சம் சேர்த்தார். வண்டியை வைத்திருந்தவர்களும் அதையே செய்தார்கள். ஆகவே செகண்ட் ஹேண்டில் கிடைப்பது வண்டியன்று, ஒரு பிரதி. அதை டியூன் செய்வது பாடத்தைத் திருத்துவது.

ஆய்வு எல்லை: இரண்டு ஸ்ட்ரோக் பஜாஜ் சேடக் மட்டும். 2020இல் அதே பெயரில் வந்த மின்சார ஸ்கூட்டர் சேர்க்கப்படவில்லை. ஔவையார் பலர் என்பதை ஏற்றுக்கொண்ட தமிழுலகம் சேடக் இரண்டு என்பதையும் ஏற்கும்.

நூல் வரலாறு

முதல்நூல் வெஸ்பா. 1946இல் இத்தாலியில் பியாஜியோ நிறுவனம் வெளியிட்டது. ஆசிரியர் கொராடினோ தாஸ்கானியோ, ஹெலிகாப்டர் வடிவமைத்தவர், மோட்டார் சைக்கிளைப் பிடிக்காதவர். வெஸ்பாவின் முன்சக்கரத்தை ஒரு பக்கத்துத் தண்டு மட்டும் தாங்குவது விமானச் சக்கரத்தின் முறை. பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டும் நம்மவர் விமானவியலில் கைவைக்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

பஜாஜுக்கு பியாஜியோ தந்திருந்த உரிமம் 1971இல் முடிந்தது. 1972இல் வழிநூலாகச் சேடக் வந்தது. ராணா பிரதாப்பின் குதிரைப் பெயரை அதற்கு வைத்தார்கள். குதிரையை உதைத்துக் கிளப்புவார்கள் என்பதால் பெயர் பொருந்திற்று. கிக்கர் சில நேரம் திருப்பி உதைப்பதால் மேலும் பொருந்திற்று. முதல்நூல், வழிநூல் இரண்டும் இன்று அருகிவிட்டன. சந்தையில் நிற்பவை யாவும் சார்புநூல்கள்.

பாயிரம்

விற்பவர் சொல்வதே பாயிரம். "ஒரே கை வண்டி சார். டாக்டர் வச்சிருந்தாரு. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான் ஓடிச்சு." பாயிரங்களை ஒப்பிட்டால், அந்நாளைய தமிழக மருத்துவர்கள் அனைவரும் ஆளுக்குப் பல ஸ்கூட்டர்கள் வைத்துக்கொண்டு எங்கும் போகாமல் இருந்தார்கள் என்ற முடிவுக்கு வரநேரிடும். பாயிரத்தில் எப்போதும் விடுபடும் செய்தி, ஸ்பீடாமீட்டர் கேபிள் அறுந்த ஆண்டு.

இடைச்செருகல்கள்

பழைய சேடக்கில் காணப்படும் இடைச்செருகல்கள் மூவகை.

ஒன்று, எண்ணெய்ச் செருகல். இந்த எஞ்சினுக்குப் பெட்ரோலோடு 2டி ஆயிலும் கலக்க வேண்டும். லிட்டருக்கு 20 மி.லி. என்பது மூலபாடம். "எஞ்சினுக்கு நல்லதுதானே" என்று கூடுதலாக ஊற்றுவது பிற்கால வழக்கு. விளைவு, சைலன்சருக்குள் கரி படிந்து, வண்டி மேடு ஏற மறுக்கிறது. சைலன்சரைக் கழற்றி நெருப்பில் சுட்டுக் கரியைத் தட்டியெடுப்பதே இதற்கான பதிப்பு முறை.

இரண்டு, துளைச் செருகல். கார்பரேட்டர் ஜெட்டின் துளை மயிரிழை அளவில் கணக்கிடப்பட்டது. அடைப்பெடுக்கக் கம்பியை விட்டுக் குத்திய ஏதோ ஒரு மேதையால் அது அகன்றுபோகிறது. அப்புறம் எந்தத் திருகைத் திருப்பினாலும் மைலேஜ் வராது. ஜெட்டைக் காற்றால் ஊத வேண்டும், குத்தக் கூடாது.

மூன்று, ஒட்டுச் செருகல். கேஸ்கட் இருக்க வேண்டிய இடத்தில் சைக்கிள் டியூப், போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பி, டேங்கின் ஓட்டையில் எம்-சீல். இவற்றில் சில மூலத்தைவிட நன்றாக உழைப்பதால், நீக்குவதா அடிக்குறிப்போடு விட்டுவைப்பதா என்பதில் கருத்தொருமை இல்லை.

பொய்யே கலக்க முடியாத அகச்சான்று ஒன்று உண்டு. அது ஸ்பார்க் பிளக். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுக் கழற்றிப் பார்க்க வேண்டும். நுனி காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் கலவை சரி. கரியப்பி இருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் காற்று மிகுதி. பாயிரத்தில் விற்பவர் என்ன சொல்லியிருந்தாலும் பிளக் சொல்வதே முடிவு.

உரை வேறுபாடு

மெக்கானிக்குகளே உரையாசிரியர்கள். வண்டி எங்கே நின்றாலும் எல்லாரும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குகிறார்கள்: "இதுல யாரு சார் கை வச்சது?" முந்தைய உரையை மறுத்துவிட்டுத் தம் உரையைத் தொடங்குவது தமிழ் மரபு என்பதால் இதைக் குறையாகக் கொள்ளலாகாது.

முதலாம் உரைகாரர் "கார்பரேட்டர்ல குப்பை" என்கிறார். இரண்டாமவர் "பாயின்ட் தேஞ்சுபோச்சு" என்கிறார். மூன்றாமவர் இரண்டையும் மறுத்து, "போர் பண்ணிடலாம் சார்" என்கிறார். செலவு ஏறும் வரிசையில் உரைகளும் ஆழமாவதைக் காண்க. முதல் உரையிலிருந்தே தொடங்குவது ஆய்வு நெறி. பிளக்கையும் பாயின்ட்டையும் துடைத்து இடைவெளி பார்த்தாலே தீரும் வியாதிக்கு சிலிண்டரைக் கழற்றக் கூடாது.

சாய்த்துக் கிளப்பும் சடங்கு குறித்தும் இரு கட்சி உண்டு. சாய்த்தால் கார்பரேட்டருக்குப் பெட்ரோல் இறங்கும் என்பது ஒரு சாரார் கொள்கை. சாய்ப்பவர் மூச்சுவாங்கும் நேரத்தில் வண்டியும் மனம் மாறுகிறது என்பது மறு சாரார் கொள்கை. வண்டி இரு கட்சிக்கும் கிளம்புகிறது.

புத்துரை

பாடம் திருந்தியதும் வாங்கியவர் தம் பங்கைச் சேர்க்கத் தொடங்குகிறார். சென்னையில் இதற்கு இரு கலைக்கழகங்கள்: சிதைந்த ஏடுகளுக்குப் புதுப்பேட்டை, புது அலங்காரங்களுக்கு ஜி.பி. ரோடு. சீட் கவரும் ஸ்டெப்னி கவரும் அணியிலக்கணத்தின்பாற்படும், தடையில்லை. வெளிச்சம் போதாதென்று பல்பை மாற்றுவது அப்படியன்று. பழைய சேடக்கில் விளக்குக்குப் பேட்டரி கிடையாது, எஞ்சின் சுற்றும்போது பிறக்கும் மின்சாரமே போகிறது. சிக்னலில் விளக்கு மங்குவதும், ரேஸ் கொடுத்தால் பிரகாசிப்பதும் மூலபாடமே.

சைலன்சரின் உள்தடுப்பைப் பிடுங்கிச் சத்தம் கூட்டுபவர்கள் பொருள் புரியாமல் வரி நீக்குபவர்கள். எரியாமலே வெளியேறப் பார்க்கும் புதுக் கலவையைத் திருப்பித் தள்ளும் அழுத்த அலை, அந்தச் சைலன்சரின் வடிவத்தால்தான் அமைகிறது. தடுப்பு போனால் சத்தம் ஏறும், இழுவை இறங்கும்.

இத்துறையில் மிகக் கறாரான பாட விமரிசகர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. புத்தகத்து விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 15 ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கப் போனால் சேசிஸ் எண், எஞ்சின் எண், நிறம் மூன்றையும் மூலத்தோடு ஒப்பிடுவார்கள். மஞ்சள் சேடக்கைக் கொண்டுபோய், புத்தகத்தில் சாம்பல் நிறம் என்றிருந்தால், உரைநயம் எடுபடாது. வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். டியூனிங்குக்கு முந்தும் கால்கள் இதற்குப் பின்வாங்குவது தனி ஆய்வுக்குரியது.

முடிபு

டியூனிங் என்பது பெரும்பாலும் முன்னவர் செய்த டியூனிங்கை நீக்குவதே என்று நிறுவப்பட்டது. நீக்கியவர் செய்வதை நீக்க அடுத்தவர் வருவார் என்பதும் இதனால் பெறப்படும். இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றே: எந்தத் திருகை எத்தனை சுற்று திருப்பினோம், எந்த ஜெட்டை மாற்றினோம் என்று ஒரு நோட்டில் எழுதி டிக்கியில் வைக்க வேண்டும். வண்டியை வாங்குபவருக்கு அது பெரிதும் பயன்படும், மழை நாளில் பிளக் துடைக்க.