கியர் பாக்ஸ் இறங்கட்டும் மருமவனே

ஏ மருமவனே, மூஞ்சி ஏன்ல இப்படித் தொங்குது? ஓம்னி கிளட்ச் சிலிப் ஆவுதாக்கும். செல்போன்ல கேட்டியாம், இத்தன மணி நேர வேலைன்னு அது சொல்லிட்டாம். தாராவி அறுபதடி ரோட்டு மிஸ்திரி மட்டும் 'பிரிச்சாத்தான் தெரியும்'னுட்டான். ஒனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வருது. அடேயப்பா!

அந்தக் கணக்கு யாருக்குப் போட்டது? புது வண்டிக்கு. துரு ஏறாத போல்ட்டு, தலைக்கு மேல தூக்குற லிஃப்ட்டு, கைக்கெட்டுற தூரத்துல எல்லா ஸ்பேனரும். ஒன் வண்டி அப்படியா இருக்கு? இந்த மாருதி வேன் 1984ல வந்தது. 2019ல செய்யிறதையே நிறுத்திட்டாவ. கடைசியா வந்த வண்டிக்கே பால்பல்லு விழுந்திருக்கும். ஒன்னுது அதுக்கும் மூத்தது. கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் வெள்ளத்துல எத்தன மழைக்கு முங்கி எந்திரிச்சுது? தண்ணிக்குள்ள நின்ன வண்டிய அப்படியே நிறுத்திப் போட்டா, கிளட்ச் பிளேட்டே துருப்புடிச்சு ஃப்ளைவீலோட ஒட்டிக்கிடும். கடல் காத்து வேற. ஸ்பேனர் வச்சா போல்ட்டுத் தலை ஒடிஞ்சு கையோட வருது. அத டிரில் போட்டு எடுக்க ஒன் செல்போன்ல நேரம் வச்சிருக்கா?

பெரிய ஷோரூம்காரன் பில்லுல '1.7 மணி நேரம்'னு போட்டிருப்பான். அந்தப் புள்ளி ஏழுல என்னல நடந்துது? சாயா குடிச்சானா?

வேலை என்னன்னு கேளு. இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில. அதுக்குப் பின்னால கியர் பாக்ஸ். அங்கேருந்து பின்சக்கரத்துக்கு ஒரு நீட்டு ஷாஃப்ட். அந்த ஷாஃப்ட்ட உருவி, கேபிளக் கழட்டி, செல்ஃப் மோட்டார எடுத்தாத்தான் பாக்ஸ் இறங்கும். பிளேட்டு மாத்துறது சின்னச் சோலி. கூலி பூரா இறக்கி ஏத்துறதுக்குத்தான். ஏத்தும்போது பிளேட்டு நடுமையத்துல நிக்கலைன்னா கியர் பாக்ஸோட ஷாஃப்ட்டு உள்ள போவாது. மல்லாக்கக் கெடந்து, அம்புட்டுப் பாரத்தையும் தாங்கிக்கிட்டு, ஆட்டி ஆட்டிச் சேக்கணும். நம்ம மிஸ்திரி கை பத்மினி டாக்ஸியில பழகின கை. அந்த டாக்ஸியே 2023 அக்டோபரோட ரோட்ட விட்டுப் போயிட்டு. கை போவல.

அதுக்காக அவன் கேக்குறத அப்படியே குடுத்துட்டு வராத. முதல்ல பெடல்ல ஃப்ரீ பிளே இருக்கான்னு பாக்கச் சொல்லு. கேபிள் இறுக்கமா இருந்தாலும் சிலிப் ஆவும். அத முறுக்கிச் சரி பண்ண பாக்ஸ இறக்கணுமா? சரியாவலைன்னா, இறக்கி ஏத்துற கூலிய மட்டும் முன்னாடியே பேசி முடி. மிச்சக் கணக்கு இறக்கின பொறவு. அப்ப நீயே போயி குனிஞ்சு பாரு. ஃப்ளைவீல்ல வரி விழுந்திருக்கா? கிராங்க் ஆயில் சீல் கசியுதா? வரி இருந்தா லேத்துக்குப் போவும், லேத்துல எத்தன பேரு நிக்கானோ. ரிலீஸ் பேரிங்க மட்டும் 'நல்லாத்தான் இருக்கு'ன்னு விட்டுராத. நாலு காசு மிச்சம் பிடிக்கப் போயி, அது அடுத்த மாசம் கத்துனா மறுபடியும் முழுக் கூலி. பழைய சாமான் எல்லாத்தையும் கையில வாங்கிக்கோ. காயலாங்கடைக்குப் போட்டாலும் நீயே போடு.

செம்பூர் பள்ளிக்கூடச் சவாரிக்கு நாளைக்கும் மறுநாளும் வேற வண்டி சொல்லி வச்சிட்டியா? முதல்ல அதச் சொல்லிட்டு வா, பொறவு பாக்ஸ இறக்கச் சொல்லலாம்.