உப்பிய கெபாசிட்டர்

கேள்வி: ஒரே சிப்செட்தான். ஒரு மதர்போர்டு ஏழாயிரம், இன்னொன்று பதினைந்தாயிரம். பெரிய பிராண்டை நம்பிக் காசைக் கொட்டலாமா?

பதில்: சிப்செட் இன்டெல்லோ ஏஎம்டியோ கொடுப்பது. விலை ஏறுவது பெரும்பாலும் பிராசஸருக்கு மின்சாரத்தைப் பதமாக ஊட்டும் பகுதியில்தான். பெரிய பிராசஸரை மலிவு போர்டில் மாட்டினால் நோஞ்சான் மாட்டைப் பாரவண்டியில் பூட்டிய கதை. சூடேறி வேகம் படுத்துவிடும். கணக்கு எழுத, படம் பார்க்க ஏழாயிரமே தாராளம். மிச்சத்தில் நல்ல பவர் சப்ளை வாங்குங்கள், அதுதான் போர்டுக்கு ஆயுள்.

பெயரை மட்டும் நம்பாதீர்கள். 2000-களின் தொடக்கத்தில், எலக்ட்ரோலைட் கலவை சரியில்லாத கெபாசிட்டர்களால் பெரிய கம்பெனி போர்டுகளே வரிசையாகப் படுத்தன. என் பழைய கம்ப்யூட்டரைத் திறந்தபோது பிராசஸர் பக்கத்தில் ஐந்து கெபாசிட்டர்கள் பூரி மாதிரி உப்பி, தலைக் கீறல் வழியே பழுப்புப் பசை கசிந்திருந்தது. இன்று திட பாலிமர் கெபாசிட்டர் வந்து அந்தக் கவலை வெகுவாகக் குறைந்துவிட்டது.

பிராண்டை விட, உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் உண்டா என்று கேளுங்கள். பில்லை அன்றே ஜெராக்ஸ் எடுங்கள். வெப்பத்தாள் பில் வாரண்டி முடியும் முன்பே வெளுத்துவிடும்.