சோம்பலா, சுரப்பியா?

கேள்வி: லாப்ரடார் ஒன்று நாள் முழுவதும் சுருண்டு கிடக்கிறது, உடம்பும் பெருத்துவிட்டது. இது தைராய்டு நோயா, அல்லது வீட்டோடு மாப்பிள்ளையின் சுகமா? (சித்தூர்)

பதில்: முதலில் ஐயுற வேண்டியது சுகத்தைத்தான். நடையின்றி, காலையில் இட்லியும் மாலையில் பிஸ்கட்டும் பெறும் நாய் பெருப்பதற்குச் சுரப்பியின் தயவு தேவையில்லை. தைராய்டு என்பது மூச்சுக்குழலின் இருபுறமும் அமைந்து, உடல் தன் எரிபொருளைச் செலவிடும் வேகத்தைத் தீர்மானிக்கும் தைராக்சின் என்ற சுரப்பை உண்டாக்கும் உறுப்பாகும். நாய்களில் இச்சுரப்புக் குறைவு 100க்கு 95க்கும் மேற்பட்ட நேர்வுகளில் சுரப்பியே அழிவதால் நேர்கிறது. ஏறக்குறைய பாதி நாய்களில் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே சுரப்பியைத் தாக்குகின்றன. மற்றவற்றில் அது காரணம் புலப்படாமல் சுருங்கிக் கொழுப்பாகிறது. பெரும்பகுதி அழிந்த பின்னரே அறிகுறி வெளிப்படுவதால், மெல்ல வரும் மந்தத்தை வீட்டார் முதுமை என்று எண்ணிவிடுகின்றனர். உணவு கூடாமல் எடை கூடுவது, இரு விலாவிலும் ஒரே சீராக முடி உதிர்வது, வால் எலிவாலாக மொட்டையாவது, தோல் தடித்துக் கறுப்பது, முகத்தோல் தடித்து நாய் எப்போதும் துயரத்தில் இருப்பதுபோல் தோன்றுவது ஆகியவை சேர்ந்து வந்தால் சோதனைக்கு நேரம் வந்துவிட்டது. நோய் பெரும்பாலும் நடுவயதில் வருவது. இரண்டு வயதுக்குட்பட்ட நாய்களில் அரிது.

கேள்வி: இந்நோயுள்ள நாய் குளிர் தாங்காது என்கிறார்கள். மே மாதச் சித்தூரில் குளிரை எங்கே தேடுவது? (சித்தூர்)

பதில்: குளிர்நாட்டு நூல்கள் முன்னிறுத்தும் அந்த அறிகுறி, 40 பாகையைத் தொடும் கோடையில் பயன்படாது. மார்கழி விடியலிலோ பலமனேர் மேட்டுநிலத்திலோ வேண்டுமானால் கவனிக்கலாம். இவ்வூர்களுக்கு அதைவிட நம்பத்தக்க குறி ஒன்று உண்டு: வெயிலுக்காகவோ ஸ்கேனுக்காகவோ மழித்த இடத்தில் மாதங்கள் கடந்தும் முடி முளைக்காமை.

கேள்வி: முடி கொட்டினாலே தைராய்டு என்று கொள்ளலாமா? (புத்தூர்)

பதில்: கொள்ளலாகாது. சுரப்புக் குறைவால் உதிரும் முடி அரிப்பின்றி உதிர்வது. அதன்மேல் கிருமித் தொற்று ஏறினால்தான் நாய் சொறியத் தொடங்கும். ஆதலால் தெள்ளு, சொறிப்பூச்சி, பூஞ்சை ஆகியவற்றை முதலில் விலக்க வேண்டும். அட்ரினல் சுரப்பி மிகைப்பட்டுச் சுரக்கும் குஷிங் நோயும் இதேபோல் இருபுறமும் சீராக முடியை உதிர்க்கும். ஆனால் அந்நாய் மிகுதியாக நீர் குடிக்கும், மிகுதியாகச் சிறுநீர் கழிக்கும்.

கேள்வி: மனிதர்க்கான ஆய்வகத்தில் நாயின் இரத்தத்தைக் கொடுத்ததில் "தைராய்டு மிகக் குறைவு" என்று அறிக்கை வந்தது. மாத்திரை தொடங்கலாமா? (திருப்பதி)

பதில்: தொடங்கக் கூடாது. இந்தப் பகுதிக்கெல்லாம் சேர்த்துச் சொல்ல வேண்டிய முதன்மையான செய்தி இதுவே. இரத்தத்திலுள்ள மொத்தத் தைராக்சினை டி4 என்பர். மனிதரில் அது டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 5 முதல் 12 மைக்ரோகிராம் வரை இருக்க, நலமான நாயில் ஏறத்தாழ 1 முதல் 4 வரைதான் இருக்கும். ஆகவே மனித அளவுகோலை அருகில் அச்சிட்ட அறிக்கையில், துள்ளி ஓடும் நாயும் நோயாளியாகவே தெரியும். டி.எஸ்.எச். என்பது தைராய்டைத் தூண்டும்பொருட்டு மூளையடியிலுள்ள பிட்யூட்டரி அனுப்பும் சுரப்பு. மனிதர்க்கான சோதனைப் பொருள் நாயின் டி.எஸ்.எச்.சை அடையாளம் காணாது என்பதால், அங்கு வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. நாய்க்கென்று சரிபார்க்கப்பட்ட முறையில் இரண்டையும் ஒருங்கே அளக்க வேண்டும். டி4 தாழ்ந்து டி.எஸ்.எச். உயர்ந்திருந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. நோயுள்ள நாய்களிலும் நான்கில் ஒரு பங்கிலேனும் டி.எஸ்.எச். உயர்வதில்லை, அப்போது புரதத்தோடு பிணையாத தைராக்சினாகிய கட்டற்ற டி4 அளவு துணை நிற்கும். அறிகுறியுள்ள நாயில் கொழுப்புச்சத்து உயர்வும் இலேசான இரத்தசோகையும் சேர்ந்து தெரிந்தால் ஐயம் வலுப்படும்.

திருப்பதி வாசகர்க்கு வழி தொலைவில் இல்லை. 1955இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும், 2005இல் அமைந்த ஸ்ரீ வேங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகமும் அந்நகரிலேயே உள்ளன. எந்தச் சோதனையை எங்கே செய்விப்பது என்று கேட்பதற்கு அதைவிடத் தகுந்த இடம் அருகில் இல்லை.

கேள்வி: சோதனை நாயின் அளவுகோலில்தான் நடந்தது; அப்போது உண்ணிக் காய்ச்சல் இருந்தது. பாதகமுண்டா? (ரேணிகுண்டா)

பதில்: பெரும் பாதகம். உடல் கடும் நோயில் இருக்கும்போது சுரப்பி நலமாயிருந்தும் டி4 தாழும். உடல் தன் செலவைச் சுருக்கிக் கொள்வதன் விளைவு அது. எர்லிக்கியா, பபேசியா ஆகிய உண்ணிவழி நோய்கள் மலிந்த இந்நிலத்தில் இதை மறப்பது எளிது. ஸ்டீராய்டு ஊசிகளும், வலிப்புக்குத் தரும் பீனோபார்பிட்டோனும் அளவைத் தாழ்த்தும். சல்ஃபா மருந்துகளை வாரக்கணக்கில் கொடுத்தால் சுரப்பி உண்மையிலேயே மந்தமாகி, மருந்தை நிறுத்திய பின் மீளும். காய்ச்சல் தீர்ந்து நாய் தேறிய பிறகு மறுபடி சோதிப்பதே முறை. மாத்திரையைக் கொடுத்துப் பார்த்து, முடி வளர்ந்தால் நோய் உண்டென்று முடிவு கட்டுவதும் சான்றாகாது; தைராக்சின் நலமான நாயின் முடியையும் ஓரளவு வளர்க்கக் கூடியது.

கேள்வி: சிப்பிப்பாறை நாய்க்கும் இதே கணக்குத்தானா? (நகரி)

பதில்: கிரேஹவுண்ட், சலூகி முதலிய ஓட்ட நாய்களில் டி4 இயல்பிலேயே தாழ்ந்திருக்கும் என்பது நிறுவப்பட்ட செய்தி. சிப்பிப்பாறையும் கன்னியும் அதே உடல்வாகு கொண்ட வேட்டை நாய்களாதலால், ஒரு தாழ்ந்த எண்ணை மட்டும் வைத்து அவற்றுக்கு நோய்ப்பட்டம் சூட்டாதிருப்பது நன்று.

கேள்வி: மருந்துச் சீட்டைக் கண்ட மருந்துக்கடைக்காரர், "இது நாய்க்கா, யானைக்கா?" என்கிறார். (சித்தூர்)

பதில்: அவர் வியப்பில் பிழையில்லை, சீட்டிலும் பிழையில்லை. மனிதர்க்கு லீவோதைராக்சின் நாளொன்றுக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம். நாய்க்குத் தொடக்க அளவு வேளைக்குக் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், அதுவும் பெரும்பாலும் இருவேளை. 30 கிலோ நாய்க்கு வேளைக்கு 600 மைக்ரோகிராம் ஆகும். நாய் எவ்வளவு பெரிதாயினும் தொடக்கத்தில் வேளைக்கு 800ஐத் தாண்டுவதில்லை. நாயின் குடல் இம்மருந்தைக் குறைவாகவே உறிஞ்சுகிறது. மேலும் மனித உடலில் மருந்து பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆக, நாயிடம் அது சில மணி நேரங்களிலேயே, பெரும்பாலும் 9 முதல் 15 மணிக்குள், குறைந்துவிடுகிறது. கடைக்காரர் சொல் கேட்டு அளவைப் பத்தில் ஒன்றாக்கினால் நாய் மருந்தும் உண்டு நோயும் சுமக்கும். இதய நோய், நீரிழிவு, அட்ரினல் சுரப்புக் குறைவு ஆகியவை உள்ள நாய்க்கு மட்டும் மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவார். வெறும் வயிற்றிலா, உணவோடா என்பதில் எதைத் தேர்ந்தாலும் நாள்தோறும் அதையே கடைப்பிடிக்க வேண்டும். உணவு உறிஞ்சுதலைக் குறைப்பதால், ஒரு நாள் தயிர்ச்சோற்றில் பிசைந்தும் மறுநாள் வெறுமனேயும் கொடுத்தால் அளவு நிலைகொள்ளாது.

கேள்வி: அயோடின் உப்பைக் கூட்டிப் போட்டால் மாத்திரை தேவைப்படாதல்லவா? (காணிப்பாக்கம்)

பதில்: தேவைப்படும். இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் தொடங்கிய ஆய்வு, மனிதரின் கழுத்துக் கழலையை அயோடின் உப்பு குறைக்கும் என்று காட்டியது. அங்கே குறை அயோடினில் இருந்தது. நாயின் நோயில் அயோடினைப் பயன்படுத்த வேண்டிய சுரப்பியே அழிந்திருக்கிறது. உப்பால் அது மீளாது.

கேள்வி: மருந்து தொடங்கி மூன்று வாரம் ஆயிற்று. முடி முன்னைவிட அதிகம் கொட்டுகிறது. நிறுத்திவிடலாமா? (திருச்சானூர்)

பதில்: நிறுத்தற்க. உறங்கிக் கிடந்த பழைய முடியைப் புதிய முடி தள்ளுவதால் தொடக்கத்தில் உதிர்வு கூடலாம். சுறுசுறுப்பு ஓரிரு வாரங்களிலேயே திரும்பும். தோலும் முடியும் சீராக மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். மூச்சிரைப்பு, ஓயாத அலைச்சல், மிகுந்த தாகம், எடை வீழ்ச்சி ஆகியவை தோன்றினால் அளவு மிகுந்துவிட்டதென்று உணர்ந்து மருத்துவரை அணுக வேண்டும். அழிந்த சுரப்பி மீண்டும் உண்டாகாததால் மருந்து ஆயுள் முழுவதும் தொடர வேண்டியது. அவ்வாறு தொடர்ந்தால் நாயின் ஆயுள் இந்நோயால் குறைவதில்லை. தொடங்கிய 4 முதல் 8 வாரத்துக்குள், மாத்திரை கொடுத்த 4 முதல் 6 மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்து அளவைச் சரிபார்ப்பர். அந்த நேரம் தெரியாவிட்டால் வரும் எண்ணால் பயனில்லை என்பதால், சோதனை நாளன்று மாத்திரை கொடுத்த மணியை மறவாமல் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் செல்க.