மஞ்சள் டாக்ஸியும் மசகெண்ணெய்ச் சித்தாந்தமும்

கொல்கத்தா மஞ்சள் டாக்ஸியின் எஞ்சின் ஆயிலை எப்போது மாற்றுவது என்பது பற்றி மூன்று வாதங்கள் உள்ளன: மினரல் வாதம், சிந்தெடிக் வாதம், ஊற்று வாதம்.

1. மினரல் வாதம்

கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது மினரல் ஆயில். அதில் சிறிதும் பெரிதுமான மூலக்கூறுகள் கலந்து கிடக்கும். சூட்டில் சிறியவை ஆவியாகும். எஞ்சியவை ஆக்ஸிஜனோடு கூடிக் கசடாகும். ஆகவே 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுக என்பது இவ்வாதத்தின் சூத்திரம்.

2. சிந்தெடிக் வாதம்

சிந்தெடிக் ஆயிலின் மூலக்கூறுகள் ஆலையில் ஏறக்குறைய ஒரே அளவாக ஆக்கப்பட்டவை. சூட்டைப் பொறுக்கும், 10,000 கிலோமீட்டரும் அதற்கு மேலும் உழைக்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். குளிரிலும் இறுகாது: 20டபிள்யூ ஆயிலின் குளிர்ச் சோதனை −15 டிகிரியில் என்றால், 0டபிள்யூ ஆயிலுக்கு −35 டிகிரியில். கொல்கத்தாவாசி 15 டிகிரியிலேயே குரங்குக் குல்லா மாட்டிக்கொள்வார் எனினும், அவரது எஞ்சினுக்கு அத்தகைய தேவை எழுவதில்லை.

இவ்விரு வாதங்களுக்கும் பொதுவான குற்றம் ஒன்றுண்டு. ஹவுரா பாலத்து நெரிசலில் எஞ்சின் ஓடும், கிலோமீட்டர் ஓடாது. நின்று நின்று போதல், தூசி, வெக்கை இவை கூடினால் ‘கடும் பயன்பாடு’ என்று கொண்டு இடைவெளியைக் குறைக்கச் சொல்வது வாகனக் கையேடுகளின் மரபு. கொல்கத்தா டாக்ஸிக்கு மூன்றும் பொருந்தும்.

3. ஊற்று வாதம்

மஞ்சள் டாக்ஸியாக ஓடும் அம்பாசடரின் பழைய 1,489 சிசி பெட்ரோல் எஞ்சினில் கிராங்க் தண்டின் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய திருகுக் காடிதான் ஆயிலை உள்ளே திருப்பும், தேய்ந்தால் சொட்டும். சம்ப்பின் கொள்ளளவு ஏறத்தாழ 4 லிட்டர். ஒழுகிய ஒவ்வொரு லிட்டருக்கும் புதிதாக ஒரு லிட்டர் ஊற்றிவந்தால், நான்காம் முறையில் ஆயில் தானே மாறிவிடும். தனியே மாற்றுவது வீண்செலவு என்பர் இவ்வாதிகள்.

அற்றன்று. புதியதும் பழையதும் கலந்தே ஒழுகுவதால், நான்கு முறை ஊற்றிய பின்னும் பழையதில் 100க்கு 32 பங்கு எஞ்சும் என்பது கணக்கு. ஃபில்டரோ ஒழுகுவதே இல்லை.

4. பிரமாணம்

ஆயில் கெட்டதா என அறிய, மல்லிக் பஜார் மிஸ்திரி டிப்ஸ்டிக்கை உருவி, துணியால் துடைத்து, மீண்டும் செருகி எடுத்து, நுனித் துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் தேய்த்து முகர்வார். கறுத்திருந்தால் கெட்டது என்பது கண்ணின் துணிபு. அது பிழை: ஆயிலில் சேர்த்த அழுக்கு நீக்கி கரியை அடியில் படியவிடாமல் தன்னிலேயே தாங்கி நிற்பதே அக்கறுப்பு. டீசல் எஞ்சினில் புது ஆயில்கூடச் சீக்கிரமே கறுக்கும். விரலில் மணல்போல் நெருடினாலோ, பெட்ரோல் வாடை அடித்தாலோ, பாலாடைபோல் வெளுத்திருந்தாலோதான் கவலைப்பட வேண்டும். கடைசியது தண்ணீர் புகுந்ததன் அடையாளம். ஆக, இவ்விஷயத்தில் கண்ணைவிட விரலும் மூக்கும் வலிய பிரமாணங்கள்.

5. துணிபு

ஒழுகும் எஞ்சினில் சிந்தெடிக் ஊற்றுவது சாலைக்கு விலையுயர்ந்த ஆயில் பூசுவதாகும். எனவே மஞ்சள் டாக்ஸிக்கு உரியது 20டபிள்யூ-50 மினரல் ஆயிலே. 5,000 கிலோமீட்டர் ஆவதற்கு முன்னரே, ஃபில்டரோடு சேர்த்து மாற்றத் தக்கது. ஒழுகாத புது எஞ்சின்களில் சிந்தெடிக் வாதம் வெல்லும்.

உத்தரபாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றது. வணிக வாகனத்துக்கு 15 ஆண்டு என்ற விதிப்படி கணக்கிட்டால், 2029க்குப் பின் ஊற்று வாதத்துக்கு உதாரணம் காட்ட மஞ்சள் அம்பாசடர் இராது. மின்சார டாக்ஸிக்கு எஞ்சின் ஆயிலே இல்லையாதலால், அது இம்மூன்று வாதங்களுக்கும் புறம்பானது.